இளைஞரின் இருதயக் கோடுகள்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் இளைஞர், வேலைக்கான மருத்துவச் சோதனையில், ஈ.சி.ஜி. தாளில் பொறி அச்சிட்ட ‘இயல்பற்றது’ என்னும் சொல் கண்டு கலங்குவதுண்டு. ஐந்தோவனுக்கு 1924-இல் நோபெல் பரிசு பெற்றுத்தந்த இவ்வரைவில் காணும் வேறுபாடெல்லாம் நோயன்று.

மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு விரைவதும், வெளிவிடுகையில் தணிவதும் இளமையின் இயல்பே. விளையாட்டில் நன்கு பயின்றவர்க்கு நிமிடத்திற்கு 60-க்கும் குறைவாகத் துடிப்பதுண்டு. 16 வயதுக்குட்பட்டவர்க்கு மார்பின் முதல் மூன்று பதிவுகளில் ‘டி’ அலை கீழ்நோக்கியிருப்பதும் இயற்கையே.

ஆயினும், ஓடுகையில் மயங்கி வீழ்ந்தவரையும், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் கண்டவரையும் இவ்வாறு தேற்றி அனுப்பலாகாது. ஆகவே தாளை மட்டும் நீட்டாது, வயதையும் குடும்ப வரலாற்றையும் மருத்துவரிடம் கூறுங்கள். கோட்டைப் படிக்குமுன் ஆளை அறிதல் வேண்டும்.