நாள்தோறும் என்ற ஒரு சொல்

(ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. இறைவாக்கு: லூக்கா 9:23)



இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுப்படியில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிலர் பிள்ளைகளைத் திருப்பலிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பீர்கள். சட்டை பொத்தானைக் காணோம் என்று ஒருவன் கத்துவான். பால் பொங்கி வழியும். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். கோயில் முதல் மணி அடித்து முடிவதற்குள் வீட்டில் இரண்டு சண்டை நடந்து முடிந்திருக்கும். இன்று நான் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

தம் பின்னே வர விரும்புகிறவர் தம் சிலுவையைச் சுமந்துகொண்டு வரவேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே எழுதியிருக்கிறார்கள். மத்தேயு 16:24ஐயும் மாற்கு 8:34ஐயும் எடுத்துப் பாருங்கள். பிறகு லூக்கா 9:23ஐப் பாருங்கள். லூக்காவில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருக்கும். ‘நாள்தோறும்’ என்பதே அந்தச் சொல்.

சிலுவையில் ஒருவர் ஒருமுறைதான் சாக முடியும். நாள்தோறும் சுமக்க வேண்டும் என்றால், அது கல்வாரி மலையில் நாட்டப்படும் மரம் மட்டுமாக இருக்க முடியாது. வீட்டுக்குள்ளும், வேலை செய்யும் இடத்திலும், பேருந்து நெரிசலிலும் கிடக்கிற சிலுவையாகவும் அது இருக்க வேண்டும்.

நம் தமிழ் மண்ணில் பெரிய சாட்சிகள் இருந்திருக்கிறார்கள். 1693இல் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1752இல் காற்றாடிமலையில் புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடங்களுக்குத் திருப்பயணம் போகிறோம், அந்த மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறோம். ‘விசுவாசத்துக்காக உயிரைக் கொடுப்பாயா?’ என்று யாராவது கேட்டால், ‘கொடுப்பேன்’ என்று நம்மில் பலர் உண்மையாகவே சொல்வோம். ஆனால் திரும்பி வரும் வழியில், பேருந்தில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதற்காகச் சண்டை போடுகிறோம். உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் நமக்கு ஓர் இருக்கையைக் கொடுக்க மனம் வருவதில்லை.

மற்றவரைக் குறை சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நான் நாகை மாவட்டக் கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அந்த நாள்களில் நாங்கள் அடக்கம் செய்தவர்களில் எனக்கு மறைக்கல்வி வகுப்பில் தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். தூக்கமில்லை, சாப்பாடில்லை. ஆனாலும் இறைவன் தாங்கிப் பிடித்தார். ஒருவர் மேலும் எரிந்து விழுந்ததாக நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில் இருந்தபோது, என் அம்மா நான்கு மாதங்கள் என்னோடு பங்கு இல்லத்தில் இருந்தார்கள். தம்பி மனைவிக்கு உடல்நிலை சரியில்லாததால் அந்த ஏற்பாடு. அம்மாவுக்கு அப்போது மறதி முற்றியிருந்தது. நான் குருவான நாளிலிருந்து என்னைச் ‘சாமி’ என்றுதான் அழைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவோரம் வந்து நின்று, “சாமி, பூசைக்கு மணி அடிச்சாச்சா?” என்று கேட்பார்கள். “இல்லம்மா, சாயங்காலம்தான் பூசை” என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். பத்து நிமிடத்தில் மறுபடியும் வருவார்கள்.

ஒருநாள் பக்கத்துப் பங்கில் தியான உரை கொடுத்துவிட்டு வந்தேன். தலைப்பு என்ன தெரியுமா? பொறுமை! வந்து, மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய கணக்கை எழுத உட்கார்ந்தேன். அம்மா வந்து கேட்டார்கள். பதில் சொன்னேன். மீண்டும் வந்தார்கள். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ, மேசையை ஓங்கித் தட்டி, “எத்தனை தடவைதான் சொல்றது?” என்று கத்திவிட்டேன். சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

எல்லாவற்றையும் மறந்துபோகிற அம்மா இதை மட்டும் மறக்கவில்லை. மூன்று நாள்கள் என் அறைப்பக்கம் வரவில்லை, மணி அடித்ததா என்று கேட்கவும் இல்லை.

அலை அடித்த நாள்களில் விழாத நான் ஒரு சின்னக் கேள்வியில் விழுந்தேன். ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பெரிய துன்பம் வரும்போது ஊரே நம்மோடு நிற்கிறது. நாமும் செபிக்கிறோம், இறைவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். சின்னத் துன்பத்துக்கு யாரும் வருவதில்லை. ‘இதற்குப் போய் செபிப்பதா?’ என்று நாமும் விட்டுவிடுகிறோம். துணை இல்லாமல் அங்கே நிற்கிறோம், அதனால் விழுகிறோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். சின்னச் சின்ன எரிச்சல்கள்தான் கல்போன்ற அன்பையும் தேய்க்கின்றன.

அந்த நாள்களில் எனக்குக் கைகொடுத்தவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. நாம் சிறுமலர் என்று அழைக்கும் அதே புனிதை. பிரான்ஸ் நாட்டு லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் 1888இல் 15 வயதில் சேர்ந்தார். 1897இல் காசநோயால் இறந்தபோது வயது 24. மடத்தில் சேர்ந்தபின் அதன் மதில்களைத் தாண்டி எங்கும் போகாத அவரைத்தான் 1927இல் மறைபரப்புப் பணியின் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்தது. 1997இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைவல்லுநராகவும் உயர்த்தினார். அப்படி என்னதான் செய்தார்? அவருடைய தன்வரலாற்றை வாசித்தால் நம் வீட்டுக் கதைபோலவே இருக்கும்.

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கும்போது அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கும். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அந்தச் சகோதரிக்குப் புரிந்துவிடும். நாமாக இருந்தால் அதைத்தான் செய்வோம், கூடவே ஒரு முறைப்பும் முறைப்போம். அவர் அதைச் செய்யாமல், தெறிக்கிற தண்ணீரை ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்று. மாலைத் தியான நேரத்தில் பின்னால் இருந்த ஒரு சகோதரி விநோதமான ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். இரண்டு கிளிஞ்சல்களை உரசுவதுபோல இருக்குமாம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். திரும்பக் கூடாது என்று அடக்கிக்கொண்டதில் தெரேசாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தை ஓர் இசைபோலக் கவனித்துக் கேட்டு, அதையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார்.

கவனியுங்கள். புனிதைக்கும் எரிச்சல் வந்தது. வியர்த்துக் கொட்டும் அளவுக்கு வந்தது. எரிச்சல் வருவது பாவமல்ல. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் புனிதம் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் மனவுறுதி என்று நாம் வாசிக்கிற இடங்களில் கிரேக்க மூலத்தில் ‘ஹுப்பொமொனே’ என்ற சொல் இருக்கிறது. ‘கீழே’, ‘தங்கியிருத்தல்’ என்ற இரு சொற்களின் சேர்க்கை அது. பாரத்தின் கீழே ஓடிப்போகாமல் தங்கியிருப்பது. விதைப்பவர் உவமையின் முடிவில், லூக்கா 8:15இல், நல்ல நிலம் எப்படிப் பலன் தருகிறது என்று சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. விதை மண்ணுக்குக் கீழே தங்கியிருக்கிறது. வெளியே யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. மனத்திடத்தின் முதன்மையான செயல் தாக்குவது அல்ல, தாங்குவதே என்று புனித தோமா அக்குவினாவும் கற்பித்தார். தாங்குகிறவர் கோழை அல்லர்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பொறுமை என்ற பெயரில் அநீதியை விழுங்கச் சொல்வது நற்செய்தி அல்ல. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றி அழுகிற பெண்ணிடம், “உன் சிலுவை, பொறுத்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. குருக்களாகிய நாங்களும் சொல்லியிருக்கிறோம். அது தவறு. தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் அறைந்தபோது, ‘நான் சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய்?’ என்ற பொருள்பட ஆண்டவர் கேட்டார். யோவான் 18:23ஐ வாசித்துப் பாருங்கள். வாழ்க்கைத் துணையால் தனக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியே, நீ அடி வாங்குகிறாய் என்றால் அது நான் இன்று பேசுகிற சிறிய துன்பம் அல்ல. வெளியே சொல். பங்குத்தந்தையிடம் சொல், உன் உறவுகளிடம் சொல், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழை. கடவுள் உன் பக்கம் நிற்கிறார்.

நான் பேசுவது மற்றதைப் பற்றி. கேட்டதையே கேட்கும் வயதானவர்கள், சொன்னதைக் கேட்காத பிள்ளைகள், குறை சொல்லியே பழகிப்போன மாமியார், மூக்கு உறிஞ்சும் சக ஊழியர். இவர்கள் நமக்கு அநீதி செய்பவர்கள் அல்லர். நம்மைப்போலவே குறையுள்ள மனிதர்கள். நாமும் அவர்களுக்குப் பாரமாகத்தான் இருக்கிறோம், நமக்குத்தான் அது தெரிவதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் புனிதம் குறித்து எழுதிய ஊக்கவுரையில், நம் அடுத்த வீட்டிலேயே புனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். பொறுமையோடு பிள்ளை வளர்ப்பவர்களையும், வீட்டுக்காக உழைப்பவர்களையும் அவர் அதில் சேர்த்தார். பிறர் குறைகளைப் பொறுத்துக்கொள்வதைத் திருச்சபையும் ஆன்ம இரக்கச் செயல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பசித்தவருக்குச் சோறு கொடுப்பது எப்படி இரக்கமோ, அப்படியே இதுவும் இரக்கம்.

இதை எப்படிக் கற்றுக்கொள்வது? என் அனுபவத்திலிருந்து மூன்று சொல்கிறேன்.

முதலாவது, பதில் சொல்வதற்கு முன் ‘இயேசுவே’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லுங்கள். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். ஆனால் அப்போது அந்தச் சின்னத் துன்பத்தில் நீங்கள் தனியாக இல்லை.

இரண்டாவது, காலைச் செபத்தில் ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். ‘ஆண்டவரே, இன்று இவரைப் பொறுத்துக்கொள்ள எனக்கு உதவும்’ என்று கேளுங்கள். எல்லாரிடமும் பொறுமையாக இருக்க வரம் கேட்டால் ஒருவரிடமும் இருக்க மாட்டோம்.

மூன்றாவது, தவறி விழுந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். பொழுது சாயும்வரை சினத்தை வைத்திருக்க வேண்டாம் என்று எபேசியருக்குப் பவுல் எழுதினாரே, அது வீட்டுக்குத்தான் முதலில் பொருந்தும்.

நான் மூன்று நாள்கள் தாமதித்தேன். மூன்றாம் நாள் இரவு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, “கத்திட்டேன்மா, மன்னிச்சிருங்க” என்றேன். அம்மா என் கையைத் தடவிக்கொண்டே சற்று நேரம் இருந்தார்கள். பிறகு, “சாமி, பூசைக்கு மணி அடிச்சாச்சா?” என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து அம்மா கேட்கும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலப் பதில் சொல்ல முயன்றேன். பாதி நாள்கள் தோற்றேன். மீதி நாள்களில் இறைவன் ஜெயித்தார்.

அம்மா இப்போது ஆண்டவரிடத்தில் இருக்கிறார்கள். மாலையில் கோயில் மணி அடிக்கும்போதெல்லாம், “அடிச்சாச்சும்மா” என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டில் கேட்டதையே கேட்கிற ஒருவர் இருந்தால், இன்று இன்னொரு தடவை பதில் சொல்லுங்கள். நாள்தோறும் சுமக்கச் சொன்ன சிலுவை அதுதான். அதன் மறுமுனையை ஆண்டவர் பிடித்திருக்கிறார்.

செபிப்போம். ஆண்டவரே, பெரிய துன்பங்களில் உம்மைத் தேடும் நாங்கள் சிறிய துன்பங்களில் உம்மை மறந்துவிடுகிறோம். எங்களைப் பன்னிரு திருத்தூதரின் குறைகளைப் பொறுத்தவாறு பொறுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் உள்ளவர்களைப் பொறுத்துக்கொள்ள எங்களுக்கும் கற்றுத்தாரும். ஆமென்.