சுபேதார் சுப்பிரமணியன்: நான்கு விநாடியில் ஒரு முடிவு

(மரக்காணம் உப்பளத் தொழிலாளரிடையே நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



பகலெல்லாம் பாத்தியில் நின்று உப்பு வாரிவிட்டு வந்திருக்கிறீர்கள். நாம் இங்கே பேசப்போவது எந்தத் தளபதியைப் பற்றியும் அல்ல. நம் பக்கத்து ஜில்லாவான அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், கீழ் ஒட்டிவாக்கம் என்ற கிராமத்தில் பிறந்த ஒரு சாதாரண மனிதரைப் பற்றி. அவர் பெயர் சுப்பிரமணியன்.

அவர் சேர்ந்த படை மதராஸ் சாப்பர்ஸ். 1780ல் தோன்றிய இந்தப் படைக்குப் பெங்களூர் தலைமையிடம். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. மற்றப் படைகள் முன்னேற வேண்டுமானால் இவர்கள் முதலில் போயாக வேண்டும். இவர்களுக்கு 'தம்பிகள்' என்றே பெயர். அந்தப் படையில் சுப்பிரமணியன் சுபேதார் வரை உயர்ந்தார். ஆனால் நேற்று வந்த வெள்ளை லெப்டினன்ட்டும் அந்தச் சுபேதாருக்கு மேல்தான்! அதுதான் அன்றைய ராணுவச் சட்டம்.

1939 செப்டம்பர் 3ந் தேதி வைசிராய் லின்லித்கோ, இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்திய மக்களை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. நாம் வாரும் உப்புக்கு வரி வாங்கிய அதே சர்க்கார்தான் நம் பிள்ளைகளையும் யுத்தத்துக்கு அழைத்துச் சென்றது. சுமார் 25 லட்சம் பேர் அந்தப் படையில் இருந்தார்கள். வீட்டில் அடுப்பெரிய மணியார்டர் வரவேண்டும் என்று சேர்ந்தவர் எத்தனையோ பேர். ஆயினும் எதிரே நின்றது ஹிட்லரின் படை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. அந்தப் படை தோற்றாக வேண்டும் என்று உலகமே விரும்பியது. இரண்டும் உண்மை.

1944 பிப்ரவரியில் இத்தாலியில் கஸீனோ மலையைச் சுற்றிக் கடும் போர் நடந்தது. அதன் தெற்கே மின்யானோ என்ற இடத்தில், 24ந் தேதி, சுப்பிரமணியனும் அவர் குழுவினரும் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியர் புதைத்த கண்ணிகளில் ஒரு வகை மிகக் கொடியது. மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நான்கு விநாடி கழித்து இடுப்பளவு எழும்பி வெடித்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் வீசும். சுற்றி நிற்பவர் யாரும் தப்ப முடியாது.

அப்படி ஒரு கண்ணி அவர்களுக்கிடையே இயங்கிவிட்டது. அந்த விநாடிகளில் ஓடித் தரையில் படுத்திருந்தால் சுப்பிரமணியன் பிழைத்திருக்கலாம். அவர் கண்ணியின் மீதே விழுந்தார். தன் உடம்பால் அதை மூடினார். அவர் இறந்தார், உடனிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

ஆங்கில அரசு அவருக்கு ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அளித்தது. அந்த நான்கு விநாடியில் அவர் நினைத்தது மன்னரையா, சாம்ராஜ்யத்தையா? நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பக்கத்தில் அவரோடு வேலை செய்த மனிதர்கள் நின்றார்கள். கிணறு தோண்டும்போது மண் சரிந்தால் முதலில் குதிப்பவன் யார்? கூட வேலை செய்பவன்தான். அந்தக் குணத்தை எந்த மன்னரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவர் பெயராவது பதக்கத்தால் நின்றது. அந்த யுத்தத்தில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு சில ஊர்களில் சர்க்கார் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அந்தக் கல் சொல்லும். கணக்கு இருக்கும், பெயர் இராது! மூட்டைக்குத்தான் கணக்கு போதும். மனிதனுக்குப் பெயர் வேண்டும்.

ஆகவே தோழர்களே, நம் கிராமங்களில் வீடு வீடாகப் போவோம். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர் யார், எந்தக் குடும்பம், பின்னால் அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று பெரியவர்களிடம் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். பஞ்சாயத்துச் சுவரில் அந்தப் பெயர்களைப் பொறிக்கச் சொல்வோம். நாளைக்கு யாராவது நம் பிள்ளைகளை யுத்தத்துக்குக் கூப்பிட்டால், ஊர் அந்தச் சுவரைப் படித்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.