முன்செல்லும் வண்டியும் பின்தொடரும் வண்டிகளும்



1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சான் டியேகோ நகரை அடுத்த நெடுஞ்சாலையொன்றில், எட்டு பியூக் கார்கள், உள்ளே ஆட்கள் அமர்ந்திருந்தும் எவரும் ஸ்டியரிங்கைத் தொடாமலே, மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துச் சென்றன. ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே விடப்பட்ட தூரம் ஆறரை மீட்டர்தான். அந்த வேகத்தில் அத்தூரத்தைக் கடக்கக் கால் வினாடி போதும். முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு நம் கால் பிரேக்கை மிதிப்பதற்கோ ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும்.

சாலையில் பதித்திருந்த காந்தங்கள் கார்களுக்கு வழிகாட்டின. முன்வண்டியின் தூரத்தை ராடார் அளந்தது. இவ்வளவு இருந்தும் காரியம் முடிந்துவிடவில்லை என்பதில்தான் இந்த சாஸ்திரத்தின் ரசம் அடங்கியிருக்கிறது என்பேன். ஒவ்வொரு வண்டியும் தனக்கு நேர் முன்னே செல்வதை மட்டும் கவனித்து, மாறாத இடைவெளியைக் காக்க முயல்வதாக வைத்துக்கொள்வோம். தலைவண்டி இலேசாக வேகம் தணிந்தால், இரண்டாவது வண்டி சற்றுத் தாமதித்து உணர்ந்து, அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துச் சற்று அதிகமாகத் தணியும். மூன்றாவது அதனினும் அதிகமாகத் தணியும். இவ்வாறு தொடக்கத்தில் அற்பமாயிருந்த பிழை வரிசை நெடுகிலும் வளர்ந்து, கடைசி வண்டியை நிறுத்திவிடும் அல்லது மோதச் செய்துவிடும். கருவிகளை எவ்வளவு நுட்பமாக்கினாலும் இந்த ஏற்பாட்டில் இத்தோஷம் நீங்காது என்பது கணிதத்தின் தீர்ப்பு.

பரிகாரம் என்ன? தலைவண்டியின் வேகத்தையும் அது மாறும் விதத்தையும், இடையிலுள்ள வண்டிகளின் வாயிலாக அன்றி, ரேடியோ அலை மூலம் ஒவ்வொரு வண்டிக்கும் நேரடியாக, வினாடிக்குப் பலமுறை அறிவித்துக்கொண்டே இருப்பது. பின்தொடர்வது முன்வண்டியையும் தலைவண்டியையும் ஒருங்கே மனத்திற்கொண்டு நடந்தால், பிழை பின்னே செல்லச் செல்லத் தேய்ந்துபோகும். கடைசியில் வருவது நிம்மதியாக வர வேண்டுமானால் தலைவனுடைய சொல் அதற்கு நேராக எட்ட வேண்டும் என்ற இந்த முடிவைப்போல் அழகியதொன்றை யந்திர சாஸ்திரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

2012ல் ஸ்பெயின் தேசத்தில், பார்சலோனாவுக்கு அருகே, பயிற்சி பெற்ற ஓட்டுநர் செலுத்திய லாரியைப் பின்பற்றி, மற்றொரு லாரியும் மூன்று வால்வோ கார்களும் பொதுச் சாலையிலேயே தாமாக ஓடிக் காட்டின. நெருங்கிச் செல்வதால் காற்றின் எதிர்ப்புக் குறைந்து எரிபொருள் மிச்சமாகும் என்பது உபரி லாபம்.

சான் டியேகோவில் கார்கள் ஓடிய தடம் மற்றப் போக்குவரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. பொதுச் சாலையிலோ அயல் கார் ஒன்று திடீரென வரிசைக்குள் நுழையலாம். ரேடியோத் தொடர்பு அறுந்தும் போகலாம். அக்கணமே பின்வண்டி, தான் இனித் தனித்து நிற்பதை உணர்ந்து, பதறாமல் படிப்படியாக இடைவெளியைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அணிவகுப்பதைவிட, அணி கலையும் விதத்தை வகுப்பதில்தான் பொறியியலாரின் சாமர்த்தியம் அதிகம் தேவைப்படுகிறது.