கைந்நாட்டும் கணக்கேடும்

(மதுரைக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் ஒன்றில், தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

'ஊர்ப்புற முன்னேற்றமும் தமிழும்' என்னும் தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கின்றனர். நான் மருத்துவன் அல்லேன். பொருளியல் வல்லுநனும் அல்லேன். பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். ஆகவே, எனக்குப் பழகிய வழியில், ஒரு தாளிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, இரண்டு கிழமைகளாகப் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். அவள் தாயார் ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கய்யா" என்று என் கையில் கொடுத்தார். கடன் கொடுக்கும் குழுமம் ஒன்றன் ஒப்பந்தத் தாள் அது. நான்கு பக்கம், முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய பெருவிரலின் மைத்தடம். வட்டி இவ்வளவு, தவணை தவறினால் தண்டத்தொகை இவ்வளவு என்று படித்துச் சொன்னேன். அவர் வாய்மேல் கைவைத்துக்கொண்டார். "கேட்டுவிட்டு வைத்திருக்கலாமே, அம்மா!" என்றேன். "வையின்னாங்க, வச்சேன். இங்கிலீசுல இருக்கிறதை நான் என்னான்னுய்யா கேக்குறது?" என்றார். மகள் பள்ளிக்கு வராத கரணியமும் அந்தத் தாளுக்குள்ளேயே இருந்தது. தவணைப் பணத்திற்காக அவள் விடியற்காலையில் மல்லிகைப்பூப் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த அம்மையார் எழுத்தறியாதவர்; அதனால் ஏமாந்தார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். அந்தத் தாள் தமிழில் இருந்திருந்தால் அவர் மகள் படித்துச் சொல்லியிருப்பாள். ஒன்பதாண்டுக் காலம் நாம் அவளுக்குக் கற்பித்த தமிழ், அந்த வீட்டுக்கு ஒரு காவலாக நின்றிருக்கும். தாய் எழுத்தறியாதவர் என்பது அவர் குறையாகவே இருக்கட்டும். தமிழ் படித்த மகளையும் எழுத்தறியாதவள் ஆக்கியது யார் குறை? எண்ணிப் பாருங்கள், பெருமக்களே! பிற மொழியில் எழுதப்பட்ட ஒரு தாள், ஒரு வீட்டில் உள்ள அனைவரையும் ஒரே நொடியில் கைந்நாட்டாக்கிவிடுகிறது.

மொழிச் சிக்கல் புலவர்களின் சிக்கல், சோற்றுச் சிக்கல் மக்களின் சிக்கல் என்று பிரித்துப் பேசுவோர் உளர். அவர்களுக்கு நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். அங்கே மொழியும் சோறும் ஒரே தாளில் இருந்தன.

இனி, இதற்கு மறுதலையான ஒரு செய்தியைச் சொல்கிறேன். அதுவும் நம் மதுரை மண்ணில் நடந்ததுதான். 1990ஆம் ஆண்டளவில் 'பிரதான்' என்னும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர் சிலர், மதுரைப் பகுதிச் சிற்றூர்களில் உழைக்கும் பெண்களைச் சிறுசிறு குழுக்களாகச் சேர்த்தனர். அப்பணியே பின்னர் 1997இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய தானம் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்தது. நபார்டு எனப்படும் வேளாண்மை ஊரக வளர்ச்சி வைப்பகம், தன்னுதவிக் குழுக்களை வைப்பகங்களோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது 1992ஆம் ஆண்டில். அதற்கு முன்பே நம் பெண்கள் தம் சிறுவாட்டுப் பணத்தை ஒன்றாகக் கூட்டத் தொடங்கிவிட்டனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அந்தக் குழுவுக்கு என்ன பெயர்? களஞ்சியம்! எவ்வளவு அழகான பெயர்! களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லைச் சேர்த்துவைக்கும் இடம் களஞ்சியம். இது எதற்கு என்று யாரும் அப்பெண்களுக்கு விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை. நல்ல நாளில் சேர்ப்பது, இல்லாத நாளில் எடுப்பது, எடுத்ததைத் திரும்ப நிரப்புவது என்னும் மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன. பல களஞ்சியங்கள் கூடி வட்டாரக் களஞ்சியம் ஆகும்போது, அதன் பெயரும் அவர்களுக்குப் புரிந்த பெயர். தம் பெயர் தமக்குப் புரிகின்ற ஓர் அமைப்பையே மக்கள் 'எங்களது' என்று சொல்வர்.

அது நடக்கும் முறையும் எளிது. ஏறத்தாழ இருபது பெண்கள் கூடுவர். தத்தமக்கு இயன்ற சிறு தொகையைச் சேர்ப்பர். சேர்ந்ததிலிருந்து தேவைப்பட்டவர்க்குக் கடன் கொடுப்பர். யாருக்கு முதலில், எவ்வளவு, எதற்கு என்பதைத் தாமே கூடிப் பேசி முடிவு செய்வர். கந்துவட்டிக்காரனிடம் நூற்றுக்குத் திங்கள் பத்து உரூபா வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் உரூபாக் கடனுக்கு ஓராண்டு வட்டியே ஆறாயிரம் உரூபா. முதல் அப்படியே நிற்கும். களஞ்சியத்தில் நூற்றுக்கு இரண்டு உரூபா வட்டி என்று வைத்துக்கொண்டால், அதே கடனுக்கு ஆண்டு வட்டி ஆயிரத்து இருநூறு. அந்த ஆயிரத்து இருநூறும் வெளியே போவதில்லை. அவர்கள் களஞ்சியத்திற்கே திரும்புகிறது. தமிழ்நாட்டரசு கந்துவட்டித் தடைச் சட்டத்தை 2003ஆம் ஆண்டில் இயற்றியது. சட்டம் வேண்டும், வரவேற்கிறோம். ஆயினும், மாற்றுக் கடன் கிடைக்காத ஊரில் சட்டம் ஏட்டில் கிடக்கும். வட்டிக்காரன் திண்ணையில் இருப்பான்.

இந்தக் களஞ்சிய இயக்கத்தின் முகமாக விளங்கிய சின்னப்பிள்ளை அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். அழகர்கோயில் செல்லும் வழியில் அப்பன்திருப்பதியை அடுத்த பில்லுசேரியைச் சேர்ந்தவர், பள்ளி செல்லாதவர், கூலிக்கு நாற்று நட்டவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள்சேர்த்து அழைத்துச்சென்று, நிலக்காரரிடம் அனைவர்க்குமாகக் கூலி பேசியவர். அந்தத் தலைமைத் தகுதியைக் கண்டெடுத்துத்தான் களஞ்சியம் வளர்ந்ததே தவிர, எங்கிருந்தோ ஒரு தலைவரைக் கொண்டுவந்து இறக்கவில்லை. 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தில்லியில் அவருக்குப் பெண்ணாற்றல் விருது வழங்கப்பட்டபோது, அன்றைய இந்தியத் தலைமையமைச்சர் வாச்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் 'பத்மசிறீ' எனப்படும் தாமரைத்திரு விருதும் அவருக்கு வந்தது. விருதின் பெயர் வடமொழி. பெற்றவரின் பேச்சு மதுரைத் தமிழ். தில்லியே குனிந்தது அந்தத் தமிழின் முன்னால்தான்.

ஆனால், அதே அம்மையார்க்கு வீடு கட்டித் தரப்படும் என்னும் அறிவிப்பு 2024ஆம் ஆண்டில்தான் தமிழக அரசிடமிருந்து வந்தது. அதுவும் தமக்கு வீடில்லை என்று அவரே வெளிப்படச் சொன்ன பிறகு! காலைத் தொட்டு வணங்குவது எளிது. காலூன்ற இடம் கொடுப்பதுதான் அரிது. ஊர்ப்புறத்தாரைப் போற்றிப் பேசும் நம் எல்லார்க்கும் இது பொருந்தும்.

களஞ்சியத்தின் உடன்பிறப்பாக 1992 அளவில் வயலகம் தோன்றியது. அது கண்மாய்ப் பாசன உழவர்களின் கூட்டமைப்பு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்கள் உள்ளன. முன்னாளில் ஊராரே கூடி வரத்துக்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மடையைச் செப்பனிட்டனர். அதற்குக் 'குடிமராமத்து' என்று பெயர். 'மராமத்து' அயற்சொல், வேலையோ முழுக்க முழுக்க நம்முடையது, 'குடிப்பணி' என்றே நாம் அழைக்கலாம். ஆங்கிலேயர் 1858இல் அதற்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றினர். தாமாக முன்வந்து செய்த பணி, சட்டத்திற்கு அஞ்சிச் செய்யும் பணியாயிற்று. கண்மாயின் உரிமை ஊரின் கையைவிட்டுப் போகப் போக, 'அரசாங்கத்துக் கண்மாய்' என்னும் பேச்சு வந்தது. யாருடையதோ என்று ஆகிவிட்ட கண்மாயை யார் தூர்வாருவார்? நம் மதுரையில் 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் எழுந்து நிற்கிறது. இதற்குமேல் நான் என்ன சொல்ல!

வயலகம் அந்த உரிமையுணர்வைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. பாசன உழவர்கள் தாமே பங்குத்தொகை போட்டு, எந்த வேலை முதலில் என்று தாமே முடிவுசெய்து, வரவுசெலவை ஊரறியச் சொல்லிக் கண்மாய்ப்பணி செய்தனர். அங்கே வழங்கும் சொற்களைக் கேளுங்கள்: மடை, மதகு, கலுங்கு, வரத்துக்கால், நீர்பாய்ச்சி! ஒரு பொறியாளர் கண்மாய்க்கரையில் நின்று ஆங்கிலத்தில் பேசினால், அறுபதாண்டு அக்கண்மாயோடு வாழ்ந்த நீர்பாய்ச்சி வாய்மூடி நிற்பார். தமிழில் கேட்டால், எந்த மடையில் எப்போது நீர் கசியும், எந்தக் கரை எந்த மழைக்கு உடையும் என்று விரல்விட்டுச் சொல்வார். மொழி மாறினால் அறிவுடையோன் அறிவிலி ஆகிறான், வேலையும் கெடுகிறது.

கல்விக்கு ஒரு சான்று, புதுக்கோட்டை மாவட்டம். 1991-92 அளவில் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் தமிழெழுத்துக் கற்றனர். அதனோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்தும் சக்கரமும் ஒருசேரக் கிடைத்தபோது, கல்லுடைத்த பெண்கள் கல்லுடைப்புக் குத்தகையின் கணக்கைக் கேட்கத் தொடங்கினர். தாய்மொழி எழுத்து, கற்றவுடன் பயன்படும் கருவி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மருத்துவத்திற்கு வருவோம். களஞ்சியப் பெண்கள் பலர் கடன் வாங்கியது எதற்கு? நோய்க்கு! நோய் கடனைக் கொண்டுவந்தது. கடன் பட்டினியைக் கொண்டுவந்தது. பட்டினி மீண்டும் நோயைக் கொண்டுவந்தது. இந்தச் சுழலைக் கண்டு, அவர்களுடைய கூட்டமைப்புகள் தமக்கென மருத்துவமனை காணும் அளவுக்கு வளர்ந்தன. மதுரையில் உள்ள அதற்குச் 'சுகம்' என்று பெயர். 'நலம்' என்று வைத்திருக்கலாகாதா என்று தமிழாசிரியனாகிய என் உள்ளம் கேட்கிறது. கேட்கத்தான் செய்யும். ஆனால், பெயர் வைத்த நாளில் நாம் எங்கே இருந்தோம்? அப்பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தபோது, நாம் அரங்கத்தில் சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்து உழைத்தவனுக்கே பெயர் சொல்லும் உரிமை உண்டு. இதை நான் யார்மேலும் பழியாகச் சொல்லவில்லை. என்மேல் உள்ள பழியாகவே சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெண்கள் கூடிக் கடனைத் தவறாமல் திருப்புகின்றனர் என்பதைக் கண்ட பணக்காரக் குழுமங்கள், அதே வடிவத்தை எடுத்துக்கொண்டன, உயிரை விட்டுவிட்டன. அங்கும் குழு உண்டு, தலைவி உண்டு, ஒருவர்க்கொருவர் பொறுப்பும் உண்டு. ஆனால் வட்டி ஊருக்குத் திரும்பாது. முடிவெடுக்கும் உரிமை பெண்களுக்கு இராது. கடன் தண்டுவோரின் கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டில் தனிச்சட்டமே தேவைப்பட்டது என்றால் நிலைமையை உணர்ந்துகொள்ளுங்கள். களஞ்சியம் எது, கண்ணி எது என்று எப்படிப் பிரித்தறிவது? நான் ஒரே ஓர் அளவுகோல் சொல்வேன். கணக்கேடு யார் கையில் இருக்கிறது? அது எந்த மொழியில் இருக்கிறது? இந்த இரண்டையும் கேளுங்கள், விடை கிடைத்துவிடும்.

தமிழன்பர்களே! பாவாணர் தாவரத்தின் அடிப்பகுதியைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்காட்டித் தமிழின் வளத்தை விளக்கினார். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டு, மூங்கிலுக்குக் கழை என்று அவர் அடுக்கிய சொற்களைக் காத்துவைத்தவர் யார்? உழவர்! நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனைத் தீர்க்க மூன்று பணிகளைச் சொல்வேன். கிழமைக்கு ஒரு மாலை, ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு பலகை போட்டு அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் தாள்களைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். மருந்துப் பட்டையில் 'காலை ஒன்று, உணவுக்குப் பின்' என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். கடன்தாளைத் தமிழில் தந்தாலன்றிக் கைந்நாட்டு வைப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் உறுதி எடுக்கச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. அதை ஊரின் வாசற்படிக்குக் கொண்டுவருவது நம் வேலை.

அந்த மல்லிகைப்பூத் தாயார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஈராண்டு துன்பப்பட்டுக் கடனை அடைத்தார்; பிறகு ஒரு களஞ்சியத்தில் சேர்ந்தார். மகள் ஓராண்டு இழந்தாள். மீண்டும் பள்ளிக்கு வந்தாள். ஒருநாள் மாலை அத்தாயார் கணக்கேட்டோடு என் வீட்டுக்கு வந்து, "ஏழு உரூவா இடிக்குதுய்யா, பாருங்க" என்றார். மகள் படித்துச் சொல்ல, அவர் நினைவிலிருந்தே கூட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்தேன். கூட்டலில் பிழை, ஏழு உரூபா குறைந்திருந்தது. மறுநாள் கூட்டத்தில் எழுந்து கேட்டுத் திருத்திவிட்டாராம்.

அன்று நான்கு பக்கத்திற்கு வாய்திறவாத அதே பெண், இன்று ஏழு உரூபாவுக்கு எழுந்து நின்று கேட்கிறார். இடையில் மாறியது, கணக்கேடு அவர் கைக்கும் அவர் மொழிக்கும் வந்ததுதான். ஊர்ப்புற முன்னேற்றம் என்று நான் சொல்வது அந்த ஏழு உரூபாவைத்தான்.

கேட்கத் துணிந்த தமிழ் வெல்க! உழைக்கும் தமிழர் வாழ்க!