திடலுக்கு வராதவன்



1977 மே 28-இல், சமாட் அல்லாப்பிச்சை தலைமையில் நம் சிங்கப்பூர்க் குழு பினாங்கை 3-2 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. எஸ். ராஜகோபால் உதைத்தால் பந்து வாழைப்பழம் போல வளையும். அவர்களை ஊரே அறியும்.

ஆனால் பள்ளிப் பருவத்தில் நான் நேரில் கண்ட சிறந்த ஆட்டக்காரன் என் வகுப்புத் தோழன். ஃபேரர் பார்க் திடலில் வெறுங்காலோடு மூன்று பேரை வெட்டித் தாண்டுவான். பிறகு, "டேய், நீ அடிடா!" என்று பந்தை எனக்குத் தள்ளிவிடுவான். கோல் என் பெயரில்!

தகப்பனார் நோயில் விழ, படிப்பும் பந்தும் ஒன்றாக நின்றன. ஏன் வரவில்லை என்று நாங்கள் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குண்டு.

செல்வங்களே, உங்கள் குழுவில் ஒருவன் வராமல் போனால், வீடு தேடிப் போய்க் கேளுங்கள்.