பூமிக்கடியில் 69 நாட்கள்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கணக்கு வாசிப்பும் தீர்மானங்களும் நிறைவுற்றபின் பொது அறிவு சார்ந்த ஒரு பொருளைப் பற்றிச் சில நிமிடங்கள் உரையாற்றுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த சுரங்க விபத்தினை எடுத்துக்கொண்டோம். தொலைக்காட்சியில் அதனைக் கண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆனால் தொலைக்காட்சி காட்டியது பெரும்பாலும் கடைசி நாளைத்தான். நாம் பேச விழைவது முதல் 17 நாட்களைப் பற்றி.

சிலியின் வடபகுதியில் அட்டகாமா என்னும் பாலைவனம் உள்ளது. அங்கே கோப்பியாப்போ நகருக்கு அருகில் சான் ஹோசே என்ற செம்பு, தங்கச் சுரங்கம் இருந்தது. சுருள் சுருளாகக் கீழிறங்கும் சாலை வழியே லாரிகள் உள்ளே சென்று வரும். 2007இல் ஒரு தொழிலாளி உயிரிழந்தபின் மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்ட சுரங்கம் அது. 2010 ஆகஸ்ட் 5ஆம் நாள் பிற்பகலில் பல லட்சம் டன் எடையுள்ள பாறை சரிந்து அந்தச் சாலையை அடைத்துவிட்டது. உள்ளே அகப்பட்டவர்கள் 33 பேர். அவர்களுள் 32 பேர் சிலி நாட்டினர், ஒருவர் பொலிவியா நாட்டினர். மூத்தவருக்கு வயது 63, இளையவருக்கு 19.

சாலை அடைபட்டதும் அவர்கள் காற்றோட்டத்திற்காகக் குடையப்பட்டிருந்த குழியை நாடினர். ஆபத்துக் காலத்தில் ஏறிச்செல்ல அதில் ஏணி இருக்க வேண்டும் என்பது விதி. சிறிது தூரம் ஏறியவர்கள் அதற்கு மேல் ஏணி இல்லாததைக் கண்டனர். பின்னர் பாறை மேலும் நகர்ந்து அந்த வழியும் அடைபட்டது. இந்த ஏணியைச் சபையோர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அவர்கள் ஒதுங்கிய புகலறை ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அங்கிருந்த உணவு இரண்டு மூன்று நாட்களுக்கே போதுமானது. முதல் நாளிலேயே பசி தாளாத சிலர் அலமாரியைத் திறந்து எடுத்து உண்டுவிட்டனர் என்பதும் பின்னாளில் வெளிவந்தது. இதனை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் அவர்கள் செய்ததே வியப்பிற்குரியது. ஷிப்ட் மேற்பார்வையாளர் லூயிஸ் உர்சுவா தமது வெள்ளைத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இனி மேலாளர் தொழிலாளர் என்ற பேதம் இல்லை என்றார். எதையும் கூடிப் பேசிப் பெரும்பான்மையின்படி முடிவு செய்தனர். இருந்த உணவைக் கணக்கிட்டு, 48 மணி நேரத்திற்கு ஒருமுறை ஒருவருக்கு இரண்டு தேக்கரண்டி டூனா மீன், சிறிது பால், ஒரு பிஸ்கட் என வகுத்தனர். எல்லோருக்கும் பங்கு வந்தபின்னரே உண்டனர். குடித்ததோ இயந்திரங்களுக்காகத் தொட்டிகளில் வைத்திருந்த எண்ணெய் வாடை வீசும் தண்ணீர்.

நோன்புக் கஞ்சி ஊற்றிப் பழகிய நம் இளைஞர்கள் அறிவார்கள்: தேக்சா நிறைந்திருக்கும்போது பங்கிடுவது எளிது. அடி தெரியும்போதுதான் கரண்டி பிடித்தவரின் கை சோதிக்கப்படும். அங்கே முதல் நாளே அடி தெரிந்துவிட்டது. மேலே தம்மைத் தேடுகிறார்களா என்பதும் தெரியாது.

மேலே தேடத்தான் செய்தார்கள். சுரங்க வாயிலில் உறவினர்கள் கூடாரமிட்டுத் தங்கினர். அந்த இடத்திற்கு நம்பிக்கை முகாம் என்று பெயரிட்டு, ஆளுக்கொன்றாக 33 கொடிகளை நட்டனர். ஆந்திரே சுகாரெத் என்னும் பொறியாளரின் தலைமையில் பல இயந்திரங்கள் மெல்லிய துளைகளை இட்டன. ஆனால் சுரங்கத்தின் வரைபடம் உள்ளபடி இல்லை. 700 மீட்டர் ஆழத்தில் ஓர் அறையைத் துளைமுனை தொட வேண்டும். சற்றே சாய்ந்தாலும் தவறிவிடும். ஆகஸ்ட் 19இல் ஒரு துளை அந்த ஆழத்தையும் கடந்து, எதனையும் தொடாமல் போயிற்று. கீழிருந்தவர்கள் நாள்தோறும் துளையிடும் ஓசையைக் கேட்டனர். அந்த ஓசை நெருங்கி வந்து விலகிச் செல்வதையும் கேட்டனர். ஓசை ஏதும் கேளாதிருப்பதைவிட அது கொடியதாக இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆகஸ்ட் 22 அதிகாலையில் மற்றொரு துளை 688 மீட்டரில் புகலறைக்கு அருகே வந்து விழுந்தது. அவர்கள் ஓடிச்சென்று துளைக்கம்பியைச் சுத்தியலால் தட்டினர், சிவப்பு வண்ணம் பூசினர், சீட்டுகளைக் கட்டி அனுப்பினர். நாங்கள் 33 பேரும் புகலறையில் நலமாக இருக்கிறோம் என்னும் சிவப்பெழுத்துச் சீட்டு மேலே வந்தது. நாடு முழுவதும் ஆனந்தக் கண்ணீர் பெருகிற்று.

பசித்துக் கிடந்தவர்களுக்கு உடனே வயிறார உணவு கொடுத்துவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மருத்துவர்களிடம் ஆலோசனை பெற்று, முதலில் குளுக்கோஸ், பின்னர் படிப்படியாக உணவு எனக் குழாய் வழியே இறக்கினார்கள். வயிறு நிறைந்தபின் அவர்களிடையே பிணக்குகளும் தோன்றின. பசியில் ஒன்றாக நின்றவர்கள், பத்திரிகைகள் பணத்துடன் காத்திருக்கும் செய்தி எட்டியபின் முகம் திருப்பிக்கொண்டதும் உண்டு. அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே.

மீட்பதற்குக் கிறிஸ்துமஸ் ஆகலாம் என்றனர். எனவே ஒன்றை மட்டும் நம்பியிராமல் மூன்று பெரும் இயந்திரங்கள் மூன்று இடங்களில் துளையிட்டன. இரண்டாவது இயந்திரத்தை இயக்கியவர்களுள் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க இராணுவத்திற்குக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். இடையில் சுரங்கத்தின் இரும்புக் கம்பியில் மோதித் துளைமுனை உடைந்து சில நாட்கள் வீணாயின. எனினும் அக்டோபர் 9இல் அந்த இயந்திரமே முதலில் கீழே சென்றடைந்தது. சிலிக் கடற்படையின் தளத்தில் செய்யப்பட்ட, ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய ஃபீனிக்ஸ் என்னும் இரும்புக் கூண்டு அத்துளையில் இறக்கப்பட்டது.

இத்தகைய கூண்டு சிலிக்குப் புதியதன்று. 1955இல் ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கத்தில் மூவரை மீட்கச் செய்யப்பட்டது. நம் நாட்டிலும், 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர் இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்வித்து, அதில் தாமே கீழே இறங்கி, 65 பேரை மேலேற்றினார். ஆறு பேரைக் காப்பாற்ற இயலவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் கடைசியாகவே ஏறி வந்தார்.

சிலியிலும் அவ்வாறே நடந்தது. மானுவல் கொன்சாலெஸ் என்னும் மீட்பாளர் முதலில் இறங்கினார். அக்டோபர் 13 நள்ளிரவு கடந்ததும் முதல் தொழிலாளி வெளிவந்தார். அன்றிரவே 33ஆமவராக உர்சுவா வந்து, தமது ஷிப்டை நாட்டின் அதிபரிடம் ஒப்படைப்பதாகக் கூறினார். அதன்பின் மீட்பாளர்கள் ஒவ்வொருவராக ஏற, கொன்சாலெஸ் மட்டும் அந்த ஆழத்தில் சில நிமிடங்கள் தனித்திருந்தார். கேமராவின் முன் தலைதாழ்த்தி வணங்கிவிட்டுக் கூண்டில் ஏறினார்.

இதனை ஒரு பொதுவிதியாகக் கொள்ளலாகாது. செம்புச் சுரங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்தைப் போல் எரிவாயு சேர்வதில்லை. ஐந்து வாரங்கள் கழித்து, நவம்பர் 19இல், நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம் எரிவாயுவால் வெடித்தது. அங்கே 29 பேரும் மாண்டனர்.

மீண்டவர்களுள் பலர் நெடுங்காலம் உறக்கமின்றித் தவித்தனர். மீண்டும் வேலை கிடைக்காமல் அலைந்தவர்களும் உண்டு. அந்தக் கூண்டு இன்று கோப்பியாப்போ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விபத்தைக் குறித்த குற்றவியல் விசாரணை 2013இல் எவர்மீதும் குற்றம் சாட்டாமலே முடித்துவைக்கப்பட்டது. காற்றோட்டக் குழியில் ஏணி ஏன் இல்லை என்பதற்கு எவரும் குற்றவாளிக் கூண்டில் நின்று விடை கூற நேரவில்லை.