நமது நிலத்துக்கேற்ற கால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பொறிமுறையியல் என்றதும் ஆலைகளும் பாலங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நமது உடம்பு நினைவுக்கு வருவதில்லை. மட்டக்களப்பு வாவியிலே தோணி ஊன்றுகின்றவரைப் பாருங்கள். அவர் கம்பினால் அடிச்சேற்றைப் பின்னே தள்ளுகின்றார். சேறு அவரையும் தோணியையும் முன்னே தள்ளுகின்றது. நாம் நடக்கும்போது பாதத்துக்கும் நிலத்துக்கும் இடையே நிகழ்வதும் இதுவே. விசையையும் அசைவையும் ஆராய்ந்து காரியத்திற் பயன்படுத்தும் கல்வி பிரயோகப் பொறிமுறையியல். அக்கல்வியை எலும்பிலும் தசையிலும் மூட்டிலும் வைத்து ஆராய்வது உயிர்ப் பொறிமுறையியல்.

இவ்வாராய்ச்சி நெடுங்கால வரலாறுடையது. இத்தாலி தேசத்துக் கணித அறிஞர் பொரெல்லி விலங்குகளின் அசைவைப் பற்றி எழுதிய நூல் 1680, 1681ஆம் ஆண்டுகளில் வெளியாயிற்று. எலும்புகள் நெம்புகோல்கள் என்றும், தசைகள் மூட்டுக்கு மிக அருகே நின்று அவற்றை இழுக்கின்றன என்றும் அவர் காட்டினார். கிணற்றுத் துலாவை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலாவின் அச்சுக்கு அருகே நின்று இழுப்பவர், நுனியிலே தொங்கும் வாளியின் பாரத்தைவிடப் பன்மடங்கு பலம் செலுத்தவேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயவிடாது பிடிக்கும் தசைகளின் நிலையும் அதுவே. ஆகவே, நடக்கும்போது இடுப்பு மூட்டின்மேல் விழும் விசை உடல் நிறையின் ஏறக்குறைய இரண்டரை மடங்காகின்றது. 60 கிலோ நிறையுள்ள ஒருவரின் இடுப்பு, அடிக்கு அடி 150 கிலோப் பாரத்தைத் தாங்குகின்றது!

இக்கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். காலை இழந்தவருக்கு வேண்டும். யுத்தத்தினாலும் நீரிழிவு நோயினாலும் காலை இழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்குக் கிடைக்கும் செயற்கைக் கால் பொருந்தாவிட்டால், அது வீட்டு மூலையிற் கிடக்கும். அதற்குரியவர் கோலை ஊன்றி நிற்பார்.

மேனாட்டார் நெடுங்காலம் செய்துவந்த செயற்கைப் பாதங்கள் சப்பாத்து அணிந்து நடப்பவரையும் நாற்காலியில் அமர்பவரையும் எண்ணிச் செய்யப்பட்டவை. நாமோ கோயில் வீதியை வெறுங்காலோடு வலம் வருகின்றோம். பாயிலே சம்மணமிட்டு உண்கின்றோம். வயற்சேற்றிலும் வாவியின் உவர்நீரிலும் இறங்குகின்றோம். கணு வளையாத பாதத்தோடு ஒருவர் எவ்வாறு குந்தியிருப்பார்?

இந்த வினாவுக்கு இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலே 1968ஆம் ஆண்டில் விடை பிறந்தது. பி. கே. சேத்தி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து அதனைக் கண்டனர். இறப்பரையும் மரத்தையும் கொண்டு, எப்பக்கமும் ஓரளவு வளையும் பாதத்தை உருவாக்கினர். அதனை அணிந்தவர் குந்தலாம், சம்மணமிடலாம், சப்பாத்தின்றி ஈரநிலத்தில் நடக்கலாம். அவ்வகைக் கால்களைச் செய்யும் நிலையம் யாழ்ப்பாணத்திலே 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரயோகப் பொறிமுறைத் துறை இன்று உயிர்மருத்துவப் பொறியியலையும் தன் பெயரிலே சேர்த்துக்கொண்டுள்ளது. அக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் துணை நிறுவனங்களோடு கூடி உருவாக்கிய ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இயற்கை முழங்கால் கதவின் பிணைச்சலைப் போல ஒரே அச்சிற் சுழல்வதன்று. உருண்டும் வழுக்கியும் மடங்குவது. அதற்கிணங்க இம்முழங்காலும் பல அச்சுகளைக் கொண்டது. 160 பாகை வரை மடங்குவது. அணிந்தவர் இடறி விழாதிருக்கவும் இவ்வமைப்பு உதவுகின்றது.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. சாத்திரம் உலகத்துக்குப் பொது. அதனைப் பிரயோகிக்கும்போது நம் நிலத்தையும் நம் இருப்பையும் அளந்தே பிரயோகிக்கவேண்டும். இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1892ஆம் ஆண்டில் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ் நூலிலே, பழந்தமிழ் நூல்கள் கூறும் யாழின் இயல்பை நரம்பின் கணக்கையும் ஒலியின் கணக்கையும் கொண்டு ஆராய்ந்தார். புதிய விஞ்ஞானத்தைப் பழைய தமிழ்ச் செல்வத்துக்குத் தொண்டு செய்ய வைத்தார்.

இளைஞர்களே! உயர்தர வகுப்பிலே நீங்கள் விடை காணும் விசையும் திருப்பமும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுவனவல்ல. கிராமத்திலே காலை இழந்த ஒருவரைச் சென்று காணுங்கள். அவர் வரம்பிலே ஏறமுடிகின்றதா, தோணியிலே கால்வைக்க முடிகின்றதா, பொங்கலன்று குடும்பத்தோடு நிலத்தில் அமர முடிகின்றதா என்று கேட்டுக் குறித்து வாருங்கள். பெரியோர்களே! தோணி கட்டும் தச்சரையும், இரும்படிக்கும் கொல்லரையும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களையும் ஒரு பாயிலே இருத்திப் பேசவையுங்கள். கால் செய்யும் நிலையங்களுக்கு அந்தக் குறிப்புகளை அனுப்புவதும் நம் சங்கத்தால் ஆகக்கூடிய பணியே.

அங்கம் இழந்தவரை நாம் இரக்கத்தோடு பார்க்கப் பழகியிருக்கின்றோம். இனி அவரை ஆராய்ச்சியின் முதலாசிரியராகக் கொள்வோம். எங்கே வலிக்கின்றது, எங்கே வழுக்குகின்றது என்பதை அவரன்றி வேறு யார் நமக்குச் சொல்லித்தர வல்லார்?